எஞ்சினுக்குப் போட்ட சீட்டு

எங்கள் வீட்டில் யாரும் எதையும் முடிவு செய்ததில்லை. சாஸ்தா முடிவு செய்தார், நான் எடுத்துக் கொடுத்தேன். கரமனையில் எங்கள் தெருவில் இன்னும் சில வீடுகளில் இந்த வழக்கம் இருந்தது என்றாலும், எங்கள் வீட்டளவுக்கு முற்றிப்போன வீடு வேறு கிடையாது. இரண்டு வரனில் எது, இரண்டு டாக்டரில் யார், சுவரைப் பூசுவதா கூரை ஓடுகளை மாற்றுவதா என்று எந்தச் சிக்கல் வந்தாலும் அப்பா பழைய காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதி, சீட்டுகளாக மடித்து, வெள்ளிக் கிண்ணத்தில் போடுவார். அம்மா குலுக்கி, சாஸ்தா படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் கவிழ்ப்பாள். வீட்டுக் குழந்தை ஒன்றை எடுக்கும். எது வருகிறதோ அதுதான். அதற்குப் பிறகு ஒருவரும் மூச்சு விடக் கூடாது.

மூன்று வயதிலிருந்து அந்தக் குழந்தை நான். அத்தையின் கணவர் நான் எடுத்தவர்தான். அத்தை எங்கள் வீட்டுக்கு வரும்போது சில தடவை என் கன்னத்தைக் கிள்ளுவாள், சில தடவை என் முகத்தையே பார்க்க மாட்டாள். அவர்கள் வீட்டு நிலவரத்தை அதை வைத்தே அம்மா தெரிந்துகொள்வாள்.

சீட்டு எடுக்கிற குழந்தைக்கு ஒரே ஒரு நிபந்தனை. வாசிக்கத் தெரியக் கூடாது. மடித்த தாளிலும் சில சமயம் மை ஊறி வெளியே தெரியும், எழுத்து தெரிந்துவிட்டால் கைக்கு ஆசை வந்துவிடும் என்று அப்பா சொல்வார். எனக்கு நன்றாக வாசிக்க வந்த பிறகும் வீட்டில் வேறு குழந்தை பிறக்காததால் என்னை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து வயதில் நான் எடுத்த சீட்டுதான் கடைசி. அது ஒரு கார் எஞ்சினுக்காகப் போட்டது.

கார் சித்தப்பாவுடையது. சித்தப்பா அப்பாவைவிடப் பதினேழு வயது இளையவர். பெற்றவர்கள் இருவரும் சீக்கிரமே போய்விட, அப்பாதான் அவரைத் தூக்கி வளர்த்தார். எங்கள் தெருவில் எல்லோரும் பாங்கில் இருந்தார்கள், ஆடிட் ஆபீஸில் இருந்தார்கள், குறைந்தபட்சம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தார்கள். சித்தப்பா காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு, ஆரியசாலையில் ஒரு மொத்த மளிகை வியாபாரியிடம் வேன் ஓட்டினார். காலையில் அரிசி மூட்டை, மத்தியானம் பருப்பு மூட்டை. யாராவது கேட்டால் அம்மா, "டிரான்ஸ்போர்ட்டுல இருக்கார்" என்று சொல்லிவிட்டு உடனே அவர்கள் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றி விசாரிக்க ஆரம்பிப்பாள்.

அந்த வேன் சம்பளத்தில் வருடக்கணக்காக மிச்சம் பிடித்து அவர் வாங்கியது மூன்று கை மாறி வந்த ஒரு சின்னப் பெட்ரோல் கார். ஒரு காலத்தில் அது வேகத்துக்குப் பேர்போன வண்டியாம். எங்களிடம் வந்தபோது வேகம் பேரில் மட்டும்தான் மிச்சமிருந்தது. தெருவில் நிறுத்த அப்பா சம்மதிக்கவில்லை. ஆற்றுக்குப் போகிற வழியில் திருநெல்வேலிப் பக்கத்து மெக்கானிக் ஒருவர் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. கார் அவருடைய கொட்டகையில்தான் நின்றது. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேதான் நின்றேன்.

சித்தப்பா சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்க வீட்டில் என்னை விட்டால் ஆள் கிடையாது. மற்றப் பெண் குழந்தைகள் பாட்டுக் கிளாஸுக்குப் போன நேரத்தில் நான் வால்வு என்றால் என்ன, பிஸ்டன் எப்படி மூச்சு விடுகிறது என்று படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்னை முன் சீட்டில் உட்கார வைத்து வித்துரா வழியாகப் பொன்முடிக்கு ஓட்டிக்கொண்டு போவார். மலையில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே அகலம், எங்கே பாசி பிடித்து வழுக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொள்வேன். அடுத்த வாரம் அதையே நான் உரக்க வாசிப்பேன், அவர் ஓட்டுவார். "ஏழு, இடது, உள்ளே குழி" என்று நான் சொன்னால் அந்தக் குழியில் டயர் விழாது. நான் சொன்னதை நம்பி ஒரு பெரியவர் ஸ்டியரிங்கைத் திருப்புகிறார் என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இதெல்லாம் சும்மா விளையாட்டுக்கு இல்லை. அந்த வருடம் அதே மலைச்சாலையில் ஒரு மோட்டார் கிளப் பந்தயம் நடத்த இருந்தது. ஒவ்வொரு காராகத் தனியாக மேலே ஏற வேண்டும், நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். சின்னக் கார்கள் பிரிவில் முதல் மூன்று பேரைக் கோயம்புத்தூரில் ஒரு பந்தயக் குழு ஓட்டிப் பார்க்கக் கூப்பிடும். பிடித்துப்போனால் சம்பளத்தோடு டிரைவர். இருபத்தெட்டு வயதுக்கு மேல் எடுக்க மாட்டார்கள். சித்தப்பாவுக்கு அப்போது இருபத்தேழு முடிந்திருந்தது. அப்பாவுக்கும் அவருக்கும் ஒரு பேச்சு ஆகியிருந்தது. இந்தப் பந்தயத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் சித்தப்பா மறு பேச்சில்லாமல் அப்பா சொல்லி வைத்திருந்த டிரஸ்ட் ஆபீஸ் வேலைக்குப் போய்விட வேண்டும். நாற்காலி, மின்விசிறி, பத்திலிருந்து ஐந்து வரை.

கையில் இருந்த சேமிப்போடு பூணூல் கல்யாணத்துக்குப் போட்ட மோதிரத்தையும் விற்றுச் சேர்த்தால், எஞ்சினில் ஒரே ஒரு பெரிய வேலை செய்யலாம். ஒன்றே ஒன்று. பிரேக்கையும் டயரையும் சித்தப்பா முன்பே மாற்றிவிட்டார். நிற்கத் தெரியாத வண்டிக்கு ஓடுகிற யோக்கியதை இல்லை என்பதில் அவருக்கும் அண்ணாச்சிக்கும் கருத்து வேறுபாடே கிடையாது. சண்டையெல்லாம் அதற்கு அடுத்ததில்தான்.

அண்ணாச்சிக்கு டர்போ மேல் ஆசை. எங்கோ நொறுங்கிய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிய டர்போ அவருடைய அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. "வெளிய போற பொகையே அதச் சுத்தும், அது காத்த அமுக்கி உள்ள திணிக்கும். சாமி, வண்டி சும்மா பறக்கும் கேட்டியளா" என்பார். சித்தப்பா தலையை ஆட்டிவிட்டு என்னிடம் திரும்பி ஏன் அது சரிப்படாது என்று விளக்குவார். டர்போ தூங்கி எழுந்து வேலை செய்யக் கொஞ்சம் நேரம் வேண்டும். நேர் ரோட்டில் அது பரவாயில்லை. கொண்டை ஊசி வளைவில் ஒவ்வொரு தடவையும் வேகத்தைக் குறைக்க வேண்டும், டர்போ தூங்கிவிடும், இருபத்திரண்டு தடவை அதை எழுப்ப வேண்டும்.

அவர் விரும்பியது ஹெட் வேலை. எஞ்சினின் மேல்பகுதியைக் கழற்றி, காற்று உள்ளே போகிற வழிகளை ராவி வழவழப்பாக்கி, வால்வுகளைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்து வைக்கிற மாதிரி ஒரு கேம் தண்டு போடுவது. அதிலும் பெரிய கேம் வேண்டாம் என்றார். பெரியது போட்டால் எஞ்சின் உச்சத்தில் கத்தும்போதுதான் பலம் வரும், வளைவிலிருந்து வெளியே வரும்போது இழுக்காது. நடுத்தரமானது போதும். பழைய மோட்டார் பத்திரிகைகளில் படித்தும், நாங்கள் எழுதிய நோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் எத்தனையாவது கியர் என்று கணக்குப் பார்த்தும் அவர் அந்த முடிவுக்கு வந்திருந்தார். ஆசைப்பட்டு எடுத்த முடிவு இல்லை. யோசித்து எடுத்தது. இதை நான் இப்போது அழுத்திச் சொல்கிறேன். அப்போது சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

மூன்றாவது வழி எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பது. ரிங், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் புதிதாக. எஞ்சின் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் கம்பெனியிலிருந்து வந்த அன்று இருந்த பலத்துக்கு மேல் ஒரு குதிரைசக்தி கூட ஏறாது.

அப்பா ஒருநாள் ஆபீஸிலிருந்து வரும் வழியில் கொட்டகைக்கு வந்து, ஹெட் வேலை செய்தால் பழைய பேரிங் தாங்குமா என்று அண்ணாச்சியிடம் கேட்டார். "தாங்கும் சாமி. தம்பி ஓட்டறதுக்குத் தாங்கும். ஆனா உறுதி எழுதித் தர முடியாதுல்லா" என்றார் அண்ணாச்சி. அப்பாவின் காதில் இரண்டாவது பாதி மட்டும்தான் விழுந்தது. அதற்கு முந்தின வருடம் எங்கள் தெருப் பையன் ஒருவன் பைபாஸில் பைக்கோடு போனவன் துணியில் சுற்றி வந்தான். அவனைத் தூக்கி இறக்கிய நாலு பேரில் அப்பா ஒருவர். அதற்குப் பிறகு அவர் எங்கள் ஸ்கூட்டரைக்கூட முப்பதுக்கு மேல் ஓட்டியதில்லை.

வீட்டுக்கு வந்து அப்பா சொன்னார்: "நம்மாத்துல எதையும் நாமளா முடிவு பண்றதில்லே. சாஸ்தா கிட்ட விட்டுடலாம்."

சித்தப்பாவுக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் சீட்டுப் போடுவதைக் கேலி செய்கிறவர். அத்தை புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு வந்து நிற்கிற நாட்களில், "சாஸ்தா கிட்ட வாரண்டி கார்டு கேட்டு வாங்கியிருக்கணும்" என்பார். அன்றைக்குத் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "ஷெரி அண்ணா. போடுங்கோ" என்றார்.

அம்மாதான் இடையில் புகுந்தாள். "இவ வேண்டாம் கேட்டேளா. இவளுக்கு பத்து வயசாச்சு, எல்லாம் வாசிக்கறா. எதிராத்துல நாலு வயசுக் கொழந்தை இருக்கே. அதைக் கூட்டிண்டு வரேன்."

"வேண்டாம் மன்னி" என்றார் சித்தப்பா. "இவதான் எடுக்கணும்."

"அது எப்படிடா. இவ உன் கூடவே சுத்தறவ."

"அதனாலேதான் ஆக்கும்."

அப்பாவும் அதற்கு உடனே தலையசைத்தார். அவர் ஏன் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தார் என்பது எனக்கு மறுநாள் காலையில் தெரிந்தது. சித்தப்பா ஏன் பிடிவாதம் பிடித்தார் என்பது தெரிய மேலும் பதினாறு வருடம் ஆயிற்று.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடும்போது அப்பா கரமனைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை ஓரம் கட்டினார். இறங்கச் சொல்லவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"ஒரு சீட்டுல மூலையிலே கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருக்கும். நீ அதை எடுக்கணும்."

சாஸ்தாவுக்கு முன்னால் கள்ளத்தனம் செய்யலாமா என்று கேட்க நினைத்தேன். செய்யக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"மத்தது எது வந்தாலும் உன் சித்தப்பா மலையிலேந்து திரும்பி வர மாட்டான். மனசிலாச்சா? நான் அவனைத் தூக்கிண்டு வர முடியாது." கடைசி வாக்கியத்தில் அவர் குரல் உடைந்தது. அப்பா அழுவாரா என்று எனக்கு அதுவரை தெரியாது. ஸ்கூட்டர் கண்ணாடியில் அவர் மூக்கு மட்டும் தெரிந்தது, சிவந்திருந்தது. அந்த மூக்கைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யோசனை இருக்கவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று ஒன்றுமே நினைவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் சீட்டு. அம்மா கிண்ணத்தை மூன்று தடவை குலுக்கிக் கவிழ்த்தாள். தாம்பாளத்தில் மூன்று சீட்டுகள் விழுந்தன. அப்பா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் நிஜமாகவே வேண்டிக்கொண்டிருந்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். சித்தப்பா எனக்கு நேர் எதிரே, படத்துக்குப் பக்கத்தில் நின்றார். அவர் மட்டும் கண்ணை மூடவில்லை.

குங்குமம் ஒட்டிய மூலை மேலே தெரியவில்லை. ஒரு சீட்டை விரலால் நகர்த்தினேன். அதற்கடியில் இருந்தது. எடுக்கக் கையை நீட்டியபோது ஒரு நொடி தலையைத் தூக்கிச் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலையில் நான் நோட்டைப் பார்த்து அடுத்த வளைவைச் சொல்லுவதற்கு முன்னால் அவர் முகம் இருக்குமே, அதே முகம். நான் சொல்லுகிற பக்கம் திருப்பக் காத்துக்கொண்டு நின்றார். இவரைச் சாக விடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில் அழுகை வந்தது. குங்குமச் சீட்டை எடுத்து அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா பிரித்து வாசித்தாள். புதுப்பிப்பு.

அப்பா கண்ணைத் திறந்து, "சாஸ்தாவே" என்றார். சித்தப்பா குனிந்து படத்துக்கு முன்னால் விபூதி எடுத்து இட்டுக்கொண்டு, "ஷெரி, அப்ப அது மதி, அதுவே போறும்" என்று சொல்லிவிட்டு வேனை எடுக்க ஆரியசாலைக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைப் பொன்முடிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. எஞ்சின் பிரித்துக் கிடக்கிறது என்றார். அது உண்மைதான். எஞ்சின் சேர்த்து முடிந்த பிறகும் கூட்டிக்கொண்டு போகவில்லை. நோட்டு என்னிடமேதான் இருந்தது, அவர் கேட்கவில்லை.

பந்தயத்தன்று நானும் அம்மாவும் அண்ணாச்சியும் வித்துரா பஸ்ஸில் போய், மேலே ஒரு ஜீப்பில் இடம் பிடித்து, முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நின்றோம். அப்பா வரவில்லை. காலைப் பனி இன்னும் முழுதாக விலகவில்லை. கார்கள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் சத்தம் வந்தது. நான் சத்தத்தை வைத்தே வளைவுகளை எண்ணினேன். பதினாறில் சித்தப்பா பிரேக்கைத் தொட்டது தெரிந்தது, பத்தொன்பதில் தொடவே இல்லை. அப்படி ஒருவர் ஓட்டி நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் மற்றவர்களைவிட முன்னால் இருந்திருப்பார். வளைவு முடிந்து ரோடு நேராகி மேலே ஏறுகிற இடங்களில்தான் அந்தச் சத்தம், நல்ல, சீரான, நோயில்லாத சத்தம், ஏற வேண்டிய அளவுக்கு ஏறவில்லை. அண்ணாச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "இழுக்க மாட்டேங்கே" என்றார்.

நாலாவது இடம். மூன்றாவது வந்தவனுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு முழு நொடி கூட இல்லை. மைக்கில் சொன்னபோது அண்ணாச்சி, "ஹெட்டு மட்டும் பண்ணியிருந்தா" என்று ஆரம்பித்து, அம்மாவைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பானட்டைத் திறந்து பார்த்தார். ஒரு துளி எண்ணெய் சிந்தவில்லை. இன்னும் பத்து வருடத்துக்குக் கவலையில்லாத எஞ்சின். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு பெரிய மனிதர் கண்ணைத் துடைத்துக்கொள்வது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

ஏனென்றால் எனக்கு அன்று ஆனந்தம். தாங்க முடியாத ஆனந்தம். சித்தப்பா இரண்டு கையும் இரண்டு காலுமாகக் காரிலிருந்து இறங்கி வந்தார். நான் ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

"பயந்தியோ?" என்று கேட்டார்.

"இல்லே. நீ சாக மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றேன். என் கெட்டிக்காரத்தனத்தை அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "அதுக்குத்தானே அந்த சீட்டு."

அவர் என் தலையில் வைத்த கை அப்படியே நின்றது. எடுக்கவும் இல்லை, தடவவும் இல்லை. பிறகு என்னை மெல்ல விலக்கிவிட்டு, டீ வாங்கி வருவதாகச் சொல்லிப் போனார். வெகு நேரம் கழித்து வந்தார், டீ இல்லாமல்.

அந்த மாதமே கார் கைமாறியது. எஞ்சின் புத்தம்புதிதாக இருந்ததால் நல்ல விலைக்குப் போயிற்று என்று அப்பா திருப்திப்பட்டார். சித்தப்பா டிரஸ்ட் ஆபீஸில் சேர்ந்தார். நாற்காலி, மின்விசிறி. தெருவில் அம்மாவிடம் கேட்டவர்களுக்கு அவள் இப்போது நின்று நிதானமாகப் பதில் சொன்னாள். சித்தப்பா குடிக்கவில்லை, யாரோடும் சண்டை போடவில்லை, சாமியாராகவும் போகவில்லை. அப்படி ஏதாவது நடந்திருந்தால் வீட்டில் யாராவது என்ன என்று கேட்டிருப்பார்கள். அவர் ஒழுங்காகப் பஸ்ஸில் போய் ஒழுங்காகப் பஸ்ஸில் வந்தார். கல்யாணம் வேண்டாம் என்றார். கார் சாவியை அதற்குப் பிறகு கையால் தொடவில்லை. கல்யாண வீடுகளில் யாராவது வண்டியை நகர்த்தி நிறுத்தச் சொன்னால்கூட, பழக்கம் விட்டுப்போச்சு என்று சொல்லிவிடுவார். மலையில் பத்தொன்பதாவது வளைவில் பிரேக் தொடாதவர்.

நான் அவரைக் காப்பாற்றினேன் என்ற நினைப்பு எனக்குப் பத்தாம் வகுப்பு வரைக்கும்கூட இருந்தது. அவர் பஸ்ஸுக்கு நிற்பதைப் பார்க்கும்போது, நான் மட்டும் இல்லையென்றால் இவர் இப்போது இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அந்த நினைப்பு எப்போது கசந்தது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. எஞ்சினைப் பற்றி ஒழுங்காகப் படித்த பிறகாக இருக்கலாம். நான் மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்தேன். அந்த மலைக்கு, அந்தக் காருக்கு, அந்தக் காசுக்கு அவர் சொன்னதுதான் சரியான வேலை என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு அரைமணி நேரம் கூட ஆகவில்லை. பழைய பேரிங்கும் அன்றைக்குத் தாங்கியிருக்கும். அன்று வீட்டுக்கு வந்து நோட்டைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். யாரிடம் போய்ச் சொல்வது. அப்பாவிடம் சொன்னால் அவர் உடைந்துபோவார். தன் தம்பியைச் சாவிலிருந்து இழுத்து வந்துவிட்டோம் என்ற நிம்மதியோடேயே அப்பா போன வருடம் போய்ச் சேர்ந்தார்.

இந்த வருடம் நான் ஒரு கார் வாங்கினேன். சின்னக் கார்தான், வேகத்துக்குப் பேர் இல்லாதது. கோவிலில் மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை செய்தோம். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி எடுக்கச் சொல்லிச் சாவியைச் சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "நீயே எடு, உன் வண்டி" என்றார். முன் சீட்டிலும் உட்காரவில்லை. பின்னால் ஏறி, பேருந்தில் உட்காருகிற மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். தலை நரைத்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதுதான்.

கரமனைப் பாலத்தில் வண்டிகள் நின்றன. அப்பா ஸ்கூட்டரை ஓரம் கட்டிய இடத்துக்கு நேராக வந்து நின்றேன். கண்ணாடியில் சித்தப்பாவின் முகம் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்.

"சித்தப்பா, அந்தச் சீட்டு. சாஸ்தா குடுத்தது இல்லே. அப்பா குங்குமம் வெச்சு..."

"தெரியும்" என்றார். "நான் அப்பவே பாத்தேன்."

முன்னால் ஒரு பஸ் ஹார்ன் அடித்தது.

"பின்னே ஏன் ஒண்ணும் சொல்லலே? சீட்டைக் கலைச்சுப் போட்டிருக்கலாமே. அப்பா கிட்டே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"அண்ணா பயந்தார். அது எனக்குத் தெரிஞ்ச காரியம்தானே. மன்னியும் பயந்தா. அவாள்ளாம் நான் ஓட்டி ஒரு தடவை கூட பாத்ததில்லே." ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கோபமே இல்லை, யாரோ ஒரு மூன்றாவது மனிதரைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி இருந்தது. "நீ கூடவே வந்தவ. இருபத்திரண்டு வளைவும் உனக்குத் தெரியும். எந்தச் சீட்டு எதுன்னு தெரிஞ்ச கை ஒண்ணு எடுக்கட்டும்னு இருந்தது எனக்கு. அதுக்காக்கும் எதிராத்துக் கொழந்தை வேண்டாம்னது."

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"போட்டும். வண்டியெல்லாம் போயாச்சு பாரு. எடு" என்றார்.

முதல் கியர் போட்டேன், வண்டி குலுங்கி நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு ஆட்டோக்காரர் திட்டினார். இரண்டாவது தடவையும் நின்றது. சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. முன்பென்றால் கிளட்ச்சை எப்படி விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்.

அன்று தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, ஒருவருடைய உயிர் என் விரலில் இருக்கிறது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒருவர் எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்தது உயிரை இல்லை என்பது தெரியவில்லை. தன்னால் அந்த மலையை ஏறிக் காட்ட முடியும் என்று உலகத்தில் ஒரு ஆளாவது நினைக்கிறாரா என்று அவர் கேட்டார். கேட்பதற்கு அவருக்கு இருந்த ஒரே ஆள் நான். கண்ணை மூடாமல் என் கையைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார், நான் குங்குமச் சீட்டைத் தேடி எடுத்து, இல்லை என்று சொன்னேன்.